சுமக்க முடியாத வாத்தியம்

பண்டத்தரிப்பு, சில்லாலை, இளவாலை, மாதகல் என வலிகாமத்தின் மேற்குப் புறத்தில் அடுத்தடுத்துள்ள ஊர்களில், காற்றினால் ஒலிக்கும் வாத்தியங்கள் இரண்டு வழிபாட்டோடு ஒட்டி வாழ்ந்து வந்திருக்கின்றன. கோயில் வாசலில் ஒலிப்பது நாதஸ்வரம். தேவாலயத்தின் உள்ளே ஒலிப்பது ஆர்மோனியம். காலால் மிதித்துத் துருத்திக்குக் காற்றூட்டி, இரு கைகளாலும் வாசிக்கும் பெரிய ஆர்மோனியத்தைத் தேவாலயத்தார் ஓர்கன் என்றே அழைப்பதுண்டு. அப்பெயர் அதற்கு உறவு முறையால் வந்த பெயரேயன்றி உரிமையால் வந்த பெயர் அன்று. மிதி ஆர்மோனியத்தில் ஒலிப்பவை சிறு உலோக நாக்குகள். ஐரோப்பியர் ஓர்கன் என்று கூறும்போது அவர்கள் மனக்கண்ணில் எழுவது ஒரு கட்டடத்தின் சுவரையே மறைத்து நிற்கும் குழற் காடு. அக்காட்டை ஆள்வதற்கு ஒருவன் எவ்வாறு பயில்கின்றான், பயின்றபின் எவ்வாறு பிழைக்கின்றான் என்பது வலிகாமத்துச் செவிகளுக்கும் சுவையான செய்தியே. வாத்தியம் வேறாயினும், அதைக் கற்பவன் படும் பாடு இங்கு அறியாத பாடு அன்று.

முதலில் வாத்தியத்தின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். ஒரு சுரத்துக்கு ஒரு குழல் என்பதன்று கணக்கு. ஒரே சுரத்துக்குப் புல்லாங்குழல் போன்று ஒலிக்கும் குழல் ஒன்று, எக்காளம் போன்று ஒலிப்பது ஒன்று, நாணற் சீவாளி வைத்த வாத்தியம் போன்று ஒலிப்பது ஒன்று எனப் பல குழல்கள் உள. ஒரே வகைக் குழல்கள் ஓர் அணி. எந்த அணிக்குக் காற்றுச் செல்லவேண்டும் என்பதை வாசிப்போனின் இரு பக்கத்திலுமுள்ள குமிழ்களை இழுத்தும் தள்ளியும் தீர்மானிக்கின்றனர். பெரிய குழலின் நீளம் 32 அடி வரை செல்லும். சிறியது ஒரு பென்சிலினும் குறுகியது. கைகளுக்கென இரண்டு முதல் ஐந்து வரை விரற்பலகைகள் படிப்படியாக அடுக்கப்பட்டிருக்கும். கால்களுக்கெனத் தரையில் ஏறத்தாழ முப்பது மரக்கட்டைகள் கொண்ட மிதிபலகை ஒன்று உண்டு. மிதி ஆர்மோனியத்தில் கால் செய்வது துருத்தி வேலை. இங்கே கால் சுரம் வாசிக்கின்றது, அதுவும் குனிந்து பாராமலே.

இத்தகைய வாத்தியத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்ல இயலாது. இதிலிருந்தே ஓர்கன் கலைஞனின் பயிற்சியும் வாழ்க்கையும் தனிப்பட்ட வடிவம் பெறுகின்றன. நாதஸ்வரக்காரரின் மகன் விடியற்காலையில் தன் வீட்டு முற்றத்திலிருந்து ஊதிப் பழகலாம். இணுவிலிற் பிறந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தி (1933–1975) தம் தந்தையார் விசுவலிங்கத்தின் தவிலொலியைக் கேட்டுத் தவழ்ந்தவர். வாத்தியம் வீட்டுப் பொருளாய் இருந்தது. ஓர்கன் மாணவனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. தேவாலயத்தில் பூசை இல்லாத வேளை பார்க்கவேண்டும், திறப்பு வைத்திருப்பவரின் தயவு வேண்டும். மின்சாரம் வருமுன் துருத்தி மிதிக்க ஆட்களும் வேண்டும். அவர்களுக்குக் கூலியும் கொடுக்கவேண்டும். ஐரோப்பியக் குளிர்காலத்தில் நெருப்பில்லாத கல்மண்டபத்துள் விரல்கள் விறைத்துப் போகும். ஆகவே பழைய மாணவர் பெரும்பாலான நேரத்தை மிதிபலகை பொருத்திய சிறு நரம்பு வாத்தியம் ஒன்றின் முன் கழித்தனர். உண்மையான வாத்தியம் அவர்கள் உள்ளத்தில் மாத்திரமே ஒலித்தது.

இக்கலையின் பெருந்தெய்வமெனப் போற்றப்படும் யோகான் செபஸ்தியான் பாக் 1685இல் யேர்மனியின் ஐசனாக்கில் பிறந்தார். பத்து வயதில் தாய் தந்தையர் இருவரையும் இழந்து, ஓர்டுருப் என்ற சிற்றூரில் ஓர்கன் வாசித்துவந்த தமையனார் வீட்டில் வளர்ந்தார். தமையனாரிடம் அக்காலத்துச் சிறந்த இசையாசிரியர்களின் ஆக்கங்கள் அடங்கிய கையெழுத்துப் புத்தகம் ஒன்று இருந்தது. தம்பிக்கு அதைக் கொடுக்க அவர் மறுத்துவிட்டார். சிறுவன் இரவில் அலுமாரியின் கம்பியிடையே கையை நுழைத்து, ஏட்டைச் சுருட்டி வெளியிலெடுத்து, விளக்கில்லாமையால் நிலா வெளிச்சத்தில் ஆறு மாதமாகப் படியெடுத்தான். எழுதி முடித்த படியையும் தமையனார் கண்டு பறித்துக்கொண்டார். பாக் மறைந்தபின் அவர் மகனும் மாணவரும் சேர்ந்து எழுதிய குறிப்பிலேயே இச்செய்தி உள்ளது. தமையனார் கொடியவர் என்று சொல்லிவிடுவதற்கில்லை. தொழில் இரகசியம் குடும்பத்துச் சொத்தாக இருந்த காலம் அது. நம் வாத்தியக்காரர் குடும்பங்களும் இதனை அறியும்.

பதினெட்டு வயதில் ஆர்ன்ஸ்டற் நகரத் தேவாலயம் ஒன்றில் பாக்குக்கு வேலை கிடைத்தது. 1705ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் நான்கு வார விடுமுறை கேட்டுப் பெற்றுக்கொண்டு, வடகடற்கரையை அடுத்த லூபெக் நகரில் புக்ஸ்டகூட என்னும் முதுபெரும் கலைஞரின் வாசிப்பைக் கேட்கப் புறப்பட்டார். வழி ஏறத்தாழ 400 கிலோமீற்றர். கால்நடையாகவே சென்றார் என்பது குறிப்பு. நான்கு வாரம் நான்கு மாதமாயிற்று. திரும்பி வந்தபோது சபையார் அவரை நிறுத்திக் கேள்வி கேட்டனர். இத்தனை நாள் எங்கே போனீர் என்பது ஒரு கேள்வி. பாட்டுக்கு நடுவே விசித்திரமான சுரங்களைக் கலந்து சபையைத் தடுமாறச் செய்கின்றீரே என்பது அதைவிடச் சுவையான கேள்வி. கேட்டு வந்தது வெளியே வராமல் இருக்குமா? சம்பளம் கொடுப்பவர் விரும்புவது வேறு, கலைஞன் கேட்டு வந்தது வேறு என்ற வழக்கு அன்றே தொடங்கிவிட்டது.

லூபெக்கில் பதவிக்கு ஒரு விலையும் இருந்தது. புக்ஸ்டகூடவின் இடத்துக்கு வருபவர் அவர் மகளை மணந்துகொள்ளவேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. 1703இல் அங்கு சென்ற இளைஞராகிய ஆண்டலும் அவர் நண்பர் மத்தேசனும் இந்நிபந்தனையைக் கேட்டு ஊர் திரும்பினர் என்பர். வேறோர் ஊரில் விலை வேறு வகையாக வந்தது. 1720இல் பாக் அம்பேர்க் நகரில் வாசித்தபோது, முதியவர் ரைங்கன் அரைமணி நேரத்துக்கும் மேலாக அவருடைய கற்பனை வாசிப்பைக் கேட்டு, மறைந்துவிட்டதென்று தாம் எண்ணிய கலை பாக்கிடம் உயிரோடிருப்பதைக் கண்டதாகப் பாராட்டினார். அவ்வூரில் வெறிதாயிருந்த பதவியோ, தேவாலயத்துக்கு 4,000 மார்க்கு வழங்கிய வேறொருவருக்குப் போயிற்று. அவருடைய வாசிப்பைப் பற்றி இன்று பேசுவார் இல்லை.

பாக் தம் மூத்த மகன் வில்கெல்ம் பிரீடமனைப் பயிற்றுவதற்கென ஆறு ஆக்கங்களை அமைத்தார் என்று அவருடைய முதல் வரலாற்றாசிரியர் போர்க்கல் எழுதியுள்ளார். ஓர்கன் பயிற்சி என்றால் என்ன என்பதை அவ்வாறு ஆக்கங்களும் காட்டிவிடும். வலக்கை ஒரு பாட்டை ஒரு பலகையில் வாசிக்கும். இடக்கை வேறொரு பாட்டை வேறொரு பலகையில் வாசிக்கும். கால்கள் மூன்றாவது பாட்டை வாசிக்கும். ஒன்று மற்றதற்குத் துணைபோவதன்று. மூன்றும் தத்தம் வழியே சென்று ஒன்றோடொன்று உரையாடும். தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் இரண்டு பேர், ஒத்துக்கும் தாளத்துக்கும் மேலும் இருவர் என்று நம் மேளக் கச்சேரியில் வேலை பகிரப்படுகின்றது. இங்கு அத்தனை பேரும் ஒருவனுக்குள் உட்கார்ந்திருக்கவேண்டும். இன்றைக்கும் இந்த ஆறையும் பிசகின்றி வாசிப்பவனையே ஆசிரியர் தேறியவன் என்கின்றனர். மகன் பிரீடமன் 1733இல் திரெஸ்டன் நகரில் பதவி பெற்றார்.

பாக்குக்குப் பின் நூறாண்டு கழித்துக் கலை பிரான்சுக்குக் குடிபெயர்ந்தது என்று சொல்லலாம். அதற்குக் காரணம் ஒரு தச்சன் – வாத்தியம் செய்பவரை அப்படிச் சொல்வது இழிவன்று – கவையே கோல் என்பவர். 1862இல் அவர் பாரிஸ் நகரின் சான் சுல்பீஸ் தேவாலயத்தில் கட்டி முடித்த ஓர்கனில் விரற்பலகைகள் ஐந்து, குழலணிகள் நூறு. வாத்தியம் வளர்ந்தது, அதை வாசிக்கவல்லவர் பிரான்சில் அரிதாயினர். ஆகவே அவர் லியோன் நகரத்து விடோர் என்ற இளைஞரைப் பெல்சியத்துக்கு, லெமென்ஸ் என்னும் ஆசிரியரிடம் அனுப்பிவைத்தார். லெமென்சின் பெருமை பாக்கின் மாணவ பரம்பரையில் வந்தவர் என்பது. பாக்கின் மாணவர் கிற்றல், அவர் மாணவர் ரிங்க், அவர் வழி எசே, அவர் வழி லெமென்ஸ் எனக் கொடிவழி கூறுவர். இடையிலொரு கண்ணி உறுதியானதன்று என்று ஆராய்ச்சியாளர் ஐயுறுகின்றனர். ஆயினும் குருபரம்பரை என்பது ஐரோப்பியருக்கும் எத்துணை வேண்டியதாயிருக்கின்றது என்பதற்கு இது சான்று. விடோர் 1870இல் சான் சுல்பீசில் தற்காலிகமாக அமர்த்தப்பட்டார். நிரந்தர நியமனம் ஒருபோதும் வரவில்லை. தற்காலிகமாகவே ஏறத்தாழ 64 ஆண்டு வாசித்தார். அவருக்குப்பின் வந்த மார்சல் டுப்ரே 1971இல் இறக்கும்வரை இருந்தார். ஆக, நூறாண்டுக்கு இருவர்.

டுப்ரே 1886இல் ருவான் நகரில் ஓர்கன் வாசிப்பவர் ஒருவரின் மகனாகப் பிறந்து, பன்னிரண்டு வயதிலேயே தேவாலயப் பதவி ஒன்றை ஏற்றவர். 1920இல் பாக் ஓர்கனுக்கென ஆக்கியவை அனைத்தையும் பத்து நிகழ்ச்சிகளில், ஏடு எதுவும் முன்னில்லாமல், மனனமாகவே வாசித்தார். அதன் பின்னரே உலகம் அவரை நாடியது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துப் பெருங்கடையொன்றின் மண்டபத்தில் அமைந்த மாபெரும் ஓர்கனில், சபையோர் கொடுத்த பழைய பாடல் மெட்டுக்களை எடுத்துக்கொண்டு, நான்கு பகுதி கொண்ட பேராக்கமொன்றை அங்கேயே கற்பனை செய்து வாசித்தார். பிற்பாடு அதையே எழுதியும் வெளியிட்டார்.

கற்பனை வாசிப்பு என்பதை இங்கு அழுத்திச் சொல்லவேண்டும். மேனாட்டு இசைக்கு எழுதிய ஏடே வேதம், நம்முடையதற்கே மனோதர்மம் என்று பலர் கருதுவர். ஓர்கன் கலைஞரைப் பொறுத்தமட்டில் அக்கருத்துப் பொருந்தாது. பூசை எவ்வளவு நேரம் நீளும் என்பது முன்கூட்டித் தெரியாது. குரு பீடத்தை அடையும்வரை வாசிக்கவேண்டும். அடைந்ததும் அழகாக முடிக்கவேண்டும். சுவாமி வீதி சுற்றி இருப்பிடம் சேரும்வரை இராகத்தை வளர்க்கும் நாதஸ்வரக்காரருக்கு இதை விளக்கவேண்டுவதில்லை. பாரிஸ் இசைக் கல்லூரியில் 1872 முதல் 1890 வரை சேசர் பிராங்க் நடத்திய வகுப்பின் பெரும்பகுதி கற்பனைப் பயிற்சியே. பரீட்சையில் மாணவன் முன் ஒரு மெட்டை வைப்பர். அதிலிருந்து பல குரலிழையும் ஆக்கமொன்றை அவ்விடத்திலேயே கட்டியெழுப்பவேண்டும். மனனம் செய்த ஆக்கம் ஒன்றை வாசிப்பது இறுதிப் பகுதி மாத்திரமே. பிராங்கின் பின் ஆசிரியரான விடோர் இதில் குறை கண்டார். கற்பனை நிரம்பியவரின் விரலும் காலும் தளர்ந்திருக்கின்றன என்று சொல்லி, முதல்நாளே மாணவரைச் சுரவரிசைக்குத் திருப்பினார். நல்ல ஆசிரியர் இருவர் ஒரே வகுப்பை எடுத்தால் மாணவன் பாடு திண்டாட்டந்தான்.

இக்கலையில் கண்ணிழந்தோர் பெற்ற இடம் வேறு எந்த வாத்தியத்திலும் அவர்கள் பெறாதது. பாரிசிலுள்ள குருடர் பாடசாலையின் மாணவர் பலர் பிற்காலத்தில் புகழ்பெற்ற ஓர்கன் கலைஞராயினர். புடைப்புப் புள்ளிகளால் எழுதும் முறையைக் கண்ட லூயி பிரெயில் அப்பாடசாலையில் பயின்றவர். அவரும் பாரிஸ் தேவாலயமொன்றில் ஓர்கன் வாசித்தவர் என்பதைப் பலர் அறியார். 1829இல் வெளிவந்த அவருடைய நூலின் தலைப்பிலேயே, சொற்களோடு இசையையும் புள்ளிகளால் எழுதும் முறை என்று கூறப்பட்டிருக்கின்றது. ஆயினும் அப்புள்ளிகளைப் படிக்க விரல் வேண்டும். வாசிக்கவும் அதே விரல்தான் வேண்டும். ஆகவே ஒரு கையால் தடவிப் படித்து மறு கையால் வாசித்து, பின் கை மாற்றி, அதன் பின் காலுக்குரியதைப் படித்து, மூன்றையும் உள்ளத்தில் சேர்த்த பிறகே ஆக்கம் முழுவதும் ஒலிக்கும். மற்றவர் தேவையானபோது மனனம் செய்தனர். இவர்களுக்கு மனனமின்றி ஓர் அடியும் இல்லை.

லூயி வியேர்ன் 1870இல் ஏறக்குறையப் பார்வையின்றிப் பிறந்தவர். சிறுவயதில் நடந்த சத்திரசிகிச்சையால் சிறிது வெளிச்சம் கண்டார். 1900இல் ஐம்பது பேர் விண்ணப்பித்த போட்டியில் வென்று பாரிஸ் நோத்ர டாம் பேராலயத்தின் ஓர்கனுக்கு உரியவரானார். பெயர் பெரிது, வருவாய் சிறிது. 1906இல் வீதியில் நேர்ந்த விபத்தில் கால் முறிந்தது. ஓர்கன் வாசிப்போனுக்குக் கால் முறிவதென்பது கை முறிவது போன்றதே. மிதிபலகைப் பயிற்சியை முதலிலிருந்து தொடங்கினார். முதல் உலகப் போரில் தம்பியையும் மகனையும் பறிகொடுத்தார். பேராலயத்தின் ஓர்கன் பழுதுற்றபோது, அதனைத் திருத்தப் பணம் சேர்க்க 1927இல் அமெரிக்காவெங்கும் சென்று வாசித்தார். 1937 யூன் 2ஆந் திகதி, அதே ஓர்கனில் நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது, எழுதிய ஆக்கத்தை முடித்துக் கற்பனைப் பகுதியைத் தொடங்கும் வேளையில் நெஞ்சடைத்துச் சரிந்தார். கால் மிதிபலகையில் விழுந்து தாழ்ந்த சுரமொன்று மண்டபமெங்கும் நீண்டு ஒலித்தது. சபையோர் அதனைக் கற்பனையின் தொடக்கமென்றே எண்ணியிருக்கலாம்.

2019 ஏப்ரலில் நோத்ர டாம் தீப்பிடித்தபோது கூரை வீழ்ந்தும் ஓர்கன் எரியவில்லை. ஈயத் தூசி படிந்த ஏறத்தாழ எண்ணாயிரம் குழல்களையும் கழற்றித் துடைத்து மீண்டும் பொருத்தினர். 2024 திசெம்பரில் பேராலயம் திறந்தபோது அது மறுபடி ஒலித்தது. எல்லா ஓர்கனுக்கும் இந்நற்பேறு வாய்ப்பதில்லை. பாக் நடந்து சென்று கேட்ட லூபெக் மரியாள் தேவாலயத்து ஓர்கன்கள் 1942 மார்ச்சில் குண்டுவீச்சில் அழிந்தன. 1995 ஒக்டோபர் முடிவில் வலிகாமத்து மக்கள் வீடு வாசலை விட்டுப் புறப்பட்டபோது, கையில் எடுத்துச் செல்லத்தக்கதையே எடுத்துச் சென்றனர். நாதஸ்வரம் உறையோடு தோளில் ஏறும். ஓர்கனை எந்த வண்டியில் ஏற்றுவது?

அழிந்த லூபெக் நகரில், தப்பி நின்ற வேறொரு தேவாலயத்தின் சிறிய ஓர்கனில், 1947ஆம் ஆண்டு எல்முற் வால்கா என்ற யேர்மானியர் பாக்கின் ஆக்கங்களை ஒலிப்பதிவு செய்யத் தொடங்கினார். இளமையிலேயே கண்பார்வை முற்றாக இழந்தவர் அவர். கற்ற முறை வியப்பானது. தாயாரும், பிற்காலத்தில் மனைவியாரும் மாணவரும், ஆக்கத்தின் ஒவ்வொரு குரலையும் தனித்தனியே அவருக்கு வாசித்துக் காட்டுவர். நான்கு குரலாயின் நான்கு பாடம். ஒவ்வொன்றையும் தனிப்பாட்டாக மனத்திற் பதித்தபின், நான்கையும் அவரே உள்ளே இழைத்துக்கொள்வார். பாக்கின் ஓர்கன் ஆக்கங்களை ஒலிப்பதிவுக்கென இருமுறை வாசித்தார். இரண்டாம் முறை 1956 முதல் 1971 வரை நீடித்தது. அவருடைய வாசிப்பைக் கேட்போர் எந்தக் குரலும் மற்றொன்றுக்குள் மறையாமல் துலங்குவதை உணர்வர். ஒவ்வொரு குரலும் அவரை வந்தடைந்த வழி தனியாயிருந்தமையே அத்துலக்கத்தின் காரணமாதல் வேண்டும்.

கச்சேரி வாழ்க்கையில் மற்றோர் இடர் உண்டு. வயலின் வித்துவான் தம் வயலினோடு ஊர் ஊராய்ச் செல்வார். ஓர்கன் கலைஞர் வெறுங்கையோடு செல்கின்றார். ஒவ்வொரு ஊரிலும் பலகைகளின் எண்ணிக்கை வேறு, குமிழ்கள் இருக்குமிடம் வேறு, மண்டபத்தின் எதிரொலி வேறு. நிகழ்ச்சிக்கு ஓரிரு நாள் முன்னரே சென்று, புதிய வாத்தியத்தோடு பழகி, எந்தப் பகுதிக்கு எந்தக் குழலணி என்று குறித்துக்கொள்ளவேண்டும். அணிகளை மாற்றப் பக்கத்தில் ஒரு துணைவரும் தேவைப்படுவர். அவருக்குத் தவறினால் கேட்போர் பழிப்பது வாசிப்பவரையே. இதற்கு மாற்றாக அமெரிக்கரான கமரன் காப்பென்ரர் 2014இல் மின்னணு ஓர்கன் ஒன்றைச் செய்வித்து, பாரவண்டிகளில் ஏற்றி, ஊர்தோறும் தம் வாத்தியத்தையே கொண்டுசென்றார். குழலில்லா ஓர்கன் ஓர்கனா என்ற வாதம் எழுந்தது. கற்றவன் தன் வாத்தியத்தோடு வாழ விரும்புவதைக் குறை சொல்ல முடியாது. ஆயினும் கட்டடத்தோடு பிறந்து அதன் கல்லில் மோதி எழும் ஒலி பாரவண்டியில் ஏறுமா என்பது ஐயமே.

பிழைப்பு பெரும்பாலோர்க்கு நிகழ்ச்சிகளால் நடப்பதன்று. ஞாயிறு தோறும் தேவாலயம், கிழமை நாட்களில் மாணவர், இடையிடையே கச்சேரி என்பதே வழமை. இலண்டனில் 1864இல் நிறுவப்பட்ட ஓர்கன் கலைஞர் கல்லூரியின் பரீட்சைகளில், பாராத ஏட்டைப் பார்த்து வாசித்தல், சுருதி மாற்றி வாசித்தல், கற்பனை வாசிப்பு ஆகியன சோதிக்கப்படுவது இந்த அன்றாடத் தொழிலைக் கருதியே. வாத்தியம் வீட்டிலேயே வாய்த்த பேறுடையோர் மிகச் சிலர். மரி கிளேர் அலன் (1926–2013) என்ற பிரான்சிய அம்மையார் அவருள் ஒருவர். அவர் தந்தையார் வீட்டுக் கூடத்திலேயே ஓர்கன் ஒன்றைத் தம் கையாற் கட்டினார். அதனருகே வளர்ந்த தமையன் செகான் அலன் சிறந்த ஆக்கங்களை இயற்றி, 1940இல் போரில் மாண்டார். தங்கையார் பாக்கின் ஓர்கன் ஆக்கங்களை மும்முறை முழுமையாக ஒலிப்பதிவு செய்தார்.

பண்டத்தரிப்புக்கு வைத்தியத்தின் வரலாற்றில் ஒரு பெயருண்டு. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் யோன் ஸ்கடர் 1820இல் இங்கு வந்து நோயாளரைப் பார்க்கத் தொடங்கினார். வைத்தியமும் ஊழியமும் ஒருவரிடம் சேர்ந்த அந்த மரபில், இசையையும் சேர்த்துக்கொண்டவர் அல்பேர்ட் சுவைட்சர். 1875இல் அல்சேஸ் நாட்டில் பிறந்து, ஒன்பது வயதில் தேவாலயத்தில் ஓர்கன் வாசிக்கத் தொடங்கியவர் அவர். 1893இல் பாரிஸ் சென்று விடோரின் மாணவரானார். ஆறாண்டின் பின் மாணவர் ஆசிரியருக்குக் கற்பித்த கதையும் உண்டு. பாக்கின் சில ஆக்கங்கள் காரணமின்றித் திரும்புவனவாகவும் தாவுவனவாகவும் விடோருக்குத் தோன்றின. அவை யேர்மானியப் பாசுரங்களின் மெட்டில் அமைந்தவை. பாசுரத்தின் சொல்லைச் சுவைட்சர் எடுத்துச் சொன்னதும், இசை ஏன் அங்கு தாழ்கின்றது, ஏன் இங்கு துள்ளுகின்றது என்பது விளங்கிவிட்டது. சாகித்தியம் தெரியாமல் கீர்த்தனையை ஊதாதே என்று நாதஸ்வர ஆசிரியர் சொல்வதும் இதுவே. அவ்விளக்கத்தை எழுதும்படி விடோர் வற்புறுத்தியதால் பிறந்ததே 1905இல் வெளிவந்த சுவைட்சரின் பாக் பற்றிய நூல்.

அதே ஆண்டில், முப்பது வயதில், அவர் மருத்துவம் படிக்கத் தொடங்கினார். 1913இல் ஆபிரிக்காவின் கபோன் நாட்டில் லம்பரேனே என்னும் இடத்துக்குப் புறப்பட்டார். படைத்தலைவன் துப்பாக்கி ஏந்தி அகழியில் நிற்கப்போவதைப் போன்றது இது என்று விடோர் வருந்தினார். பாரிஸ் பாக் சங்கத்தார், மிதிபலகை பொருத்திய பியானோ ஒன்றை, ஈரம் புகாதபடி நாகத்தகடு வேய்ந்த பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பினர். இசையை மறந்துவிடவேண்டியதுதான் என்று எண்ணிச் சென்றவர், காட்டின் தனிமையில் ஆக்கங்களை ஒவ்வொன்றாக ஆழ்ந்து மனனம் செய்தார். மூன்று மாதத்தில் நிகழ்ச்சி உண்டு என்ற அவசரம் அங்கில்லை. பகலெல்லாம் நோயாளர், இரவில் பாக்.

போர் வந்தது. யேர்மானியக் குடியாகிய அவரைப் பிரான்சியர் 1917இல் சிறைப்பிடித்துப் பிரான்சிலுள்ள முகாமொன்றில் வைத்தனர். அங்கே வாத்தியம் எதுவும் இல்லை. மேசையின் விளிம்பை விரற்பலகையாகவும் தரையை மிதிபலகையாகவும் கொண்டு, ஒலியின்றியே வாசித்துப் பழகினார். சிறுவயதிலும் அவ்வாறே செய்ததுண்டு என்று அவரே எழுதியுள்ளார். விடுதலையானபோது மருத்துவமனையின் கடனும் தம் நோயுமே அவருக்கு எஞ்சியிருந்தன. 1920இல் சுவீடன் நாட்டுப் பேராயர் சோடர்புளொம் அவரை விரிவுரைக்கு அழைத்து, ஓர்கன் நிகழ்ச்சிகளால் கடனைத் தீர்க்கலாம் என்று வழி சொன்னார். ஊர் ஊராகச் சென்று அந்நாட்டுப் பழைய ஓர்கன்களில் வாசித்துச் சில வாரங்களிலேயே கடனின் பெரும்பகுதியை அடைத்தார். 1924இல் லம்பரேனேக்குத் திரும்பினார். அதன் பின்பும் ஐரோப்பாவுக்கு வரும்போதெல்லாம் மருந்துக்கும் கூரைக்கும் வேண்டிய பணத்தை ஓர்கனே ஈட்டித்தந்தது.

1935 திசெம்பரில் இலண்டன் கோபுரத்தின் அருகிலுள்ள சகல பரிசுத்தவான்கள் தேவாலயத்தில், இரவு வேளையில், வீதியின் சந்தடி ஓய்ந்த பின் சுவைட்சர் பாக்கை வாசிக்க, அது இசைத்தட்டுக்களில் பதிவு செய்யப்பட்டது. ஐந்தாண்டின் பின், 1940 திசெம்பரில், அத்தேவாலயம் குண்டுவீச்சில் எரிந்தது, ஓர்கனும் எரிந்தது. தட்டுக்கள் அதற்கு முன்பே பல நாடுகளுக்குப் போய்விட்டிருந்தன. அந்த ஓர்கனின் ஒலியை இன்று பண்டத்தரிப்பில் ஒரு வீட்டிலிருந்தும் கேட்கலாம்.